எஃப்-250 லேரியட் டீசலா, எஃப்-350 எக்ஸ்எல்டி பெட்ரோலா? டிரெய்லர், ஸ்னோ பிளவ், ஃபிஃப்த் வீல் மூன்றுக்கும் ஒரே வண்டி

மண்வெட்டி கேட்டது:

வணக்கம். ஒஹையோவில் தோட்டப் பராமரிப்பும் சிறு மண்வேலையும் செய்யும் தொழிலுக்கு ஒரு ஹெவி டியூட்டி பிக்கப் வாங்க வேண்டும். நான்கு கதவு, 4x4 என்பது முடிவு. வண்டிக்கு மூன்று வேலை.

வாரத்தில் மூன்று நாள் 14,000 பவுண்டு வரம்புள்ள எக்யுப்மென்ட் டிரெய்லரில் ஸ்கிட் ஸ்டியர் (சிறு மண் அள்ளும் இயந்திரம்) ஏற்றி இழுக்க வேண்டும். ஏற்றியபின் டிரெய்லர் சுமார் 12,500 பவுண்டு. குளிர்காலத்தில் முன்னால் 8 அடி ஸ்னோ பிளவ் (பனி தள்ளும் தகடு), பின்னால் சால்ட் ஸ்ப்ரெடர் (உப்பு தூவும் பெட்டி). கோடையில் இரண்டு மூன்று முறை குடும்பம் நான்கு பேருடன் 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் கேம்பர் (பிக்கப்பின் பெட்டில் பூட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்).

ஆண்டுக்கு 9,000 மைல்தான் ஓடும். அதில் பாதி ஐந்தாறு மைல் தூரச் சின்ன ஓட்டம்.

டீலரிடம் ஃபோர்டு எஃப்-250 டீசல், லேரியட் என்ற உயர் டிரிம் (வசதி நிலை), 6¾ அடி பெட் (பின் சரக்குத் தட்டு), தயாராக நிற்கிறது. சன்ரூஃப், பவர் ரன்னிங் போர்டு எல்லாம் உண்டு. கதவுத் தூணில் உள்ள மஞ்சள் ஸ்டிக்கரில் 2,150 பவுண்டு என்று இருக்கிறது. விற்பனையாளர் "இந்த எஞ்சின் உங்கள் டிரெய்லரைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும்" என்கிறார். இதை எடுக்கலாமா, அல்லது காத்திருந்து ஆர்டர் போடலாமா? ஆர்டர் என்றால் எந்த டிரிம்? எந்த ஆப்ஷனைப் பிறகு சேர்க்கவே முடியாது?

---

எடைக்கல்:

அந்த லேரியட்டை விட்டுவிடுங்கள். நல்ல வண்டிதான். உங்கள் வேலைக்கு அது பொருந்தாது என்பதை அந்த 2,150 என்ற எண்ணே (பேலோடு, அதாவது ஆட்களும் சுமையும் சேர்த்து வண்டி மேல் ஏற்றக்கூடிய எடை) சொல்லிவிடுகிறது.

ஃபிஃப்த் வீலில் கிங்பின் (டிரெய்லரின் பூட்டு முளை) வழியாக வண்டியின் மேல் உட்காரும் எடை, ஏற்றிய டிரெய்லர் எடையில் 20 முதல் 25 சதவீதம். 12,000-க்கு அது 2,400 முதல் 3,000 பவுண்டு. இங்கேயே ஸ்டிக்கர் எண்ணைத் தாண்டிவிட்டது. பெட்டில் மாட்டும் ஹிட்ச் 150 முதல் 200, நான்கு பேர் சுமார் 600. கூட்டினால் 3,150-க்குக் குறையாது, 3,800 வரை போகும். எஞ்சின் எவ்வளவு வலுவானது என்ற பேச்சே இதில் வரவில்லை.

எக்யுப்மென்ட் டிரெய்லரில் ஹிட்ச் மேல் விழுவது 10 முதல் 15 சதவீதம். 12,500-க்கு 1,250 முதல் 1,875. கேபினில் இரண்டு பேர், பெட்டில் சங்கிலி, எரிபொருள் கேன், கருவிப்பெட்டி என்று வந்தால் அதுவும் விளிம்பில்தான் நிற்கும்.

விற்பனையாளர் சொல்லும் இழுவை எண் பொய்யில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற முறைப்படி, ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் கணக்கு அது. பெரும்பாலும் எடை குறைந்த டிரிம்மில் வரும் உச்ச எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். நடைமுறையில் பிக்கப்பில் முதலில் தீர்ந்துபோவது பேலோடு. இழுவை வரம்பு அதற்குப் பிறகுதான் வரும்.

டிரிம் தேர்வும் இங்கேதான் கணக்குக்குள் நுழைகிறது. மொத்த எடை வரம்பு, அதாவது ஜிவிடபிள்யூஆர், ஒரு நிலையான எண். வண்டியின் சொந்த எடை ஏற ஏறப் பேலோடு இறங்கும். டீசல் எஞ்சினும் அதன் குளிர்விப்பு, புகை சுத்திகரிப்பு அமைப்புகளும் பல நூறு பவுண்டு. சன்ரூஃப் கண்ணாடியும் அதன் சட்டமும், மோட்டார் வைத்த ரன்னிங் போர்டு, பவர் சீட்டுகள், பெரிய சக்கரம் எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம் தின்னும். ஒவ்வொரு சொகுசுக்கும் விலை இரண்டு முறை கொடுக்கிறீர்கள், டாலரில் ஒரு முறை, பவுண்டில் ஒரு முறை.

எஃப்-250-இன் ஜிவிடபிள்யூஆர் பல அமைப்புகளில் 10,000 பவுண்டில் நிற்பது இரும்பின் வலிமையால் இல்லை, வகைப்பாட்டால். 8,501 முதல் 10,000 வரை வகுப்பு 2பி, அதற்கு மேல் 14,000 வரை வகுப்பு 3. ஃபோர்டில் 250-க்கும் ஒற்றைச் சக்கர (பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம்) 350-க்கும் சட்டகம், பிரேக் பெரும்பாலும் ஒன்றேதான். பின் ஸ்பிரிங், டயர், கதவு லேபிள் மாறும். அந்தச் சிறிய வித்தியாசத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் பேலோடு கிடைக்கிறது என்றால், ஆப்ஷன் பட்டியலிலேயே மலிவான கொள்முதல் அதுதான். ராம் பிக்கப்பில் வித்தியாசம் பெரியது: 2500-இல் பின்னால் காயில் ஸ்பிரிங், 3500-இல் லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியில் காயில் மென்மையாகப் போகும். சுமைக்கு லீஃப்தான்.

ஒற்றைச் சக்கர 350 பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 11,400, சொந்த எடை 7,100 என்று வைத்துக்கொண்டால் 4,300 மிச்சம். மேலே சொன்ன 3,800 அதில் அடங்கிவிடும். 10,000-க்கு மேல் வரம்புள்ள வண்டிக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் சட்டப்படி கட்டாயமில்லை, ஆகவே எடைமேடையில் நிறுத்தி நீங்களே கழித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரட்டைச் சக்கரத்துக்குத் தாவும் முன் உரிமக் கணக்கையும் பாருங்கள். தொழிலுக்கு ஓட்டும்போது, வண்டி வரம்பும் டிரெய்லர் வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் 10,000-க்கு மேல் இருந்தால் ஓட்டுநருக்கு வகுப்பு ஏ சிடிஎல் (வணிக ஓட்டுநர் உரிமம்) வேண்டும். 11,400-ஐயும் 14,000-ஐயும் கூட்டினால் 25,400, தப்பித்தீர்கள். 14,000 வரம்புள்ள டூயலி (இரட்டைச் சக்கர வண்டி) என்றால் 28,000. வேலைக்கு வரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் சிடிஎல் தேட வேண்டும்.

"10,000 வரம்பு வைத்தால் டாட் எண் (கூட்டரசுப் போக்குவரத்துத் துறைப் பதிவு எண்) வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். மாநிலம் தாண்டும் தொழிலுக்கு 10,001 பவுண்டு என்பது டிரெய்லரையும் சேர்த்த கணக்கு. 14,000 டிரெய்லர் மாட்டிய அந்தக் கணமே அந்தச் சலுகை போய்விடும். மாநிலத்துக்குள்ளேயே ஓட்டினாலும் உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டயர். எல்லாமே லோடு ரேஞ்ச் ஈ என்ற ஒரே தர வகை என்றாலும் தாங்கும் சுமை ஒன்றில்லை. எல்டி245/75ஆர்17 ஒன்றுக்கு 3,195 பவுண்டு. எல்டி275/70ஆர்18-க்கு 3,640. எல்டி275/65ஆர்20-க்கு 3,750. பின் ஆக்சிலுக்கு இரண்டால் பெருக்கினால் 17 அங்குலத்தில் 6,390, 18-இல் 7,280. ஃபிஃப்த் வீல் இழுப்பவர் 17 அங்குல டயரைத் தவிர்ப்பது நல்லது. 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வேலைக்குப் பெரிதில்லை. விலையும் பனியும் கருதி 18 எடுங்கள்.

பின் சஸ்பென்ஷனில் ஏர் பேக் (காற்றுப் பை) மாட்டினால் வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். எந்த வரம்பும் ஒரு பவுண்டுகூட ஏறாது.

---

பனித்தடம்:

எடைக்கல் சொன்னது சரி. பிளவ் கணக்கை நான் சேர்க்கிறேன், அதில் சிக்கல் முன் ஆக்சில்.

பிளவ் தொங்குவது முன் ஆக்சிலுக்கு முன்னால். அதனால் தன் எடையைவிட அதிகமாகவே முன்னால் அழுத்தும். 800 பவுண்டு பிளவின் எடை மையம் ஆக்சிலுக்கு 50 அங்குலம் முன்னால், வீல்பேஸ் 176 அங்குலம் என்றால், முன் ஆக்சில் மேல் ஏறுவது ஏறத்தாழ 1,030 பவுண்டு, பின் ஆக்சிலிலிருந்து 230 பவுண்டு தூக்கிவிடும். பின் ஆக்சிலுக்கு 45 அங்குலம் பின்னால் 400 பவுண்டு பேலஸ்ட் (எதிர் எடை) வைத்தால் முன்னால் நூறு பவுண்டு குறையும். அதே மணல் மூட்டைகளைக் கேபினை ஒட்டி அடுக்கினால் முன்னால் குறைவதற்குப் பதில் கொஞ்சம் ஏறும். பலரும் செய்யும் தவறு இது.

இப்போது டீசலை யோசியுங்கள். அதன் கூடுதல் எடை பெரும்பாலும் அதே முன் ஆக்சிலில்தான் உட்காருகிறது. பிளவ் வேலைக்குப் பெட்ரோல் எஞ்சினைப் பலர் தேர்வதற்கு முதல் காரணம் அதுதான். விலை இரண்டாவது. பிளவ் தயாரிப்பாளர்களின் இணையத்தளத்தில் உங்கள் கேபின், எஞ்சின், பெட் கொடுத்தால் எந்தப் பிளவ் பொருந்தும், எவ்வளவு பேலஸ்ட் வேண்டும் என்று வரும். வண்டியை ஆர்டர் செய்யும் முன்பே அதைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்னோ பிளவ் பிரெப் ஆப்ஷனை ஃபேக்டரியிலேயே எடுங்கள். ஃபோர்டில் அதன் குறியீடு 473, ஷெவி, ஜிஎம்சியில் விஒய்யூ. கனமான முன் ஸ்பிரிங்கும் பெரிய ஆல்டர்னேட்டரும் வரும். பிறகு ஸ்பிரிங் மட்டும் மாற்றலாம், ஆனால் கதவு லேபிளில் முன் ஆக்சில் வரம்பு பழைய எண்ணாகவே இருக்கும். அப்ஃபிட்டர் சுவிட்சுகளும், ஃபோர்டில் 66எஸ், தவறாமல் எடுங்கள். கூரையில் ஆறு சுவிட்ச், ஒயரும் ஃபியூஸும் தயாராக இருக்கும். ஸ்ட்ரோப் விளக்கு, ஸ்ப்ரெடர், பின் வேலை விளக்கு எல்லாவற்றையும் டேஷ்போர்டைத் துளைக்காமல் இணைக்கலாம்.

டிரிம் பிளவோடு மோதும் இடங்கள் இவை. உயர் டிரிம்மில் ஹெட்லைட் எல்இடி, கீழே ஹாலஜனாக இருக்கலாம். பிளவ் ஒயரிங் ஹார்னஸ் ஹெட்லைட் வகைக்கேற்ப வேறு வேறு. தவறானதை மாட்டினால் விளக்கு மினுக்கும், டேஷில் எச்சரிக்கை வரும். எல்இடி சூடாகாது என்பதால் கண்ணாடியில் பனி உருகாமல் ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன் ரேடாரை வைத்து வேலை செய்யும் குரூஸ், மோதல் எச்சரிக்கை இரண்டும் பிளவ் மாட்டியபின் குழம்பும். சில பேக்கேஜ்களை 473-உடன் சேர்த்து ஆர்டர் போட முடிகிறதா என்பதை அந்த ஆண்டின் ஆர்டர் கைடில் பார்த்துக்கொள்ளுங்கள். குரோம் பூசிய சக்கரம் உப்பில் அரித்து, டயர் விளிம்பில் காற்று கசியும். குளிர்காலத்துக்கு ஸ்டீல் சக்கரம் ஒரு செட் தனியாக வைத்தால் நிம்மதி.

ஸ்ப்ரெடர் அளவில் கவனம். பாறை உப்பு ஒரு கன யார்டுக்கு 2,100 பவுண்டுக்கு மேல். பெட்டில் வைக்கும் 2 யார்டு வி-பாக்ஸ் ஸ்ப்ரெடரை நிரப்பினால் உப்பு மட்டும் 4,300. அதோடு ஸ்ப்ரெடரின் எடையும் பிளவும் ஓட்டுநரும். ஒற்றைச் சக்கர 350 தாங்காது. 1.5 யார்டு பெட்டியை எடுத்து ஒரு யார்டுக்கு மேல் நிரப்பாதீர்கள், அல்லது டெயில்கேட் ஸ்ப்ரெடர் போதுமா என்று பாருங்கள்.

சின்ன ஓட்டம் பற்றிச் சொன்னீர்கள். ஐந்தாறு மைல் ஓட்டமும் பிளவ் வேலையின் நீண்ட ஐடிலும் டீசலின் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டிக்கு ஆகவே ஆகாது. கரி எரிய வேண்டிய சூட்டுக்குப் போகும் முன் வண்டியை அணைத்துவிடுவீர்கள். ரீஜென் (அந்தக் கரியை எரிக்கும் சுழற்சி) பாதியில் நிற்கும், அடிக்கடி தொடங்கும். எரிபொருள் வீணாகும், சில எஞ்சின்களில் ஆயிலிலும் டீசல் கலக்கும். டெஃப் என்ற புகை சுத்திகரிப்புத் திரவம் 12 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உறையும். தொட்டியில் ஹீட்டர் உண்டு, ஆனால் அதுவும் பழுதாகக்கூடிய இன்னொரு பாகம்.

---

மலைச்சரிவு:

டீசலுக்காக ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் இந்தத் திரியை வாசிக்கும் மற்றவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

சூப்பர் டியூட்டியின் (எஃப்-250, எஃப்-350 வரிசை) 7.3 லிட்டர் பெட்ரோல் 430 குதிரைத்திறன், 485 பவுண்டு-அடி முறுக்குவிசை. 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் 475, 1,050. குதிரைத்திறனில் பெரிய வித்தியாசமில்லை, முறுக்குவிசையில் இரண்டு மடங்கு. சமதளத்தில் 12,500 பவுண்டை 7.3 இழுக்கும், ஏற்றத்தில் 4,000 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே இழுக்கும். அந்தச் சத்தத்தால் அதற்குக் கெடுதல் எதுவும் இல்லை. அதன் வேலைப்பகுதியே அங்கேதான்.

உயரம் வேறு விஷயம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70-இன் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். அங்கே பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீசல் டர்போ பெரும்பகுதியை ஈடுகட்டும். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்துவதைப் பெட்ரோலின் கீழ் கியர் அவ்வளவு நிதானமாகச் செய்யாது. ஆண்டுக்கு 20,000 மைலுக்கு மேல், பெரும்பாலும் சுமையோடு, மலைப்பாதை என்றால் நான் டீசலைத்தான் சொல்வேன்.

மண்வெட்டிக்கு அது பொருந்தாது. 8,500 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு ஜன்னல் ஸ்டிக்கரில் இபிஏ மைலேஜ் எண் வராது. ஒரு கணக்குக்காகப் பெட்ரோல் காலனுக்கு 10 மைல், டீசல் 14 என்று வையுங்கள். 9,000 மைலுக்கு 900 காலனும் 643 காலனும். மிச்சம் 257 காலன். டீசலுக்குக் காலன் விலை வழக்கமாக அதிகம், டெஃப், இரண்டு எரிபொருள் ஃபில்டர், கூடுதல் ஆயில் செலவு வேறு. எஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த ஓட்டத்தில் திரும்பி வராது.

---

மண்வெட்டி:

எல்லாருக்கும் நன்றி. பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா தாண்டி மலைப்பக்கம் போகும் திட்டமில்லை. ஆகவே 350, ஒற்றைச் சக்கரம், 7.3 பெட்ரோல் என்று எடுத்துக்கொள்கிறேன். 8 அடி பெட்டுக்கு நிறுத்த இடம் இருக்கிறது. டிரிம் எக்ஸ்எல்லா எக்ஸ்எல்டியா, எந்த ஆப்ஷன்களை டிக் செய்வது என்று சொல்லுங்கள். ஆக்சில் கியர் விகிதம் 3.73-ஆ 4.30-ஆ?

---

ஆர்டர்ஷீட்:

ஒரே கேள்வியை வைத்து ஆப்ஷன்களைப் பிரியுங்கள்: வண்டி வீட்டுக்கு வந்தபின் ஒரு சனிக்கிழமையில் மாட்ட முடியுமா? முடியும் என்றால் ஃபேக்டரிக்குப் பணம் கொடுக்க அவசரமில்லை.

மாட்டவே முடியாதவை, அல்லது முடிந்தாலும் செலவு தாங்காதவை: எடை வரம்பு, பெட் நீளம், ஆக்சில் விகிதம், பின் லாக்கர் (இரு பின் சக்கரமும் சேர்ந்தே சுழலப் பூட்டுவது), பிளவ் பிரெப், அப்ஃபிட்டர் சுவிட்ச், பெரிய ஆல்டர்னேட்டர், ஃபிஃப்த் வீல் பிரெப். இதில் ஒன்றையும் விடாதீர்கள்.

4.30 எடுங்கள். உங்கள் மைல்களில் பெரும்பகுதி சுமையோடு அல்லது பிளவோடு, நீண்ட நெடுஞ்சாலை ஓட்டம் குறைவு. 10 கியர் இருப்பதால் காலியாக ஓடும்போதும் சுற்று கட்டுக்குள் இருக்கும். 3.73 எடுத்துவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். 4x4 வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் கிரவுன், பினியன் மாற்றி, கம்ப்யூட்டரிலும் விகிதத்தைத் திருத்த வேண்டும். எலக்ட்ரானிக் லாக்கரைக் கூடவே டிக் செய்யுங்கள். ஈரப் புல்லில் டிரெய்லரோடு சிக்கும்போதும், வழுக்கும் சரிவில் பிளவைப் பின்னிழுக்கும்போதும்தான் அதன் அருமை தெரியும்.

ஃபிஃப்த் வீல் பிரெப், குறியீடு 53டபிள்யூ. பெட்டுக்குக் கீழே குறுக்குச் சட்டமும் மேலே ஹிட்ச் பூட்டும் துளைகளும், பெட் சுவரில் 7 பின் சாக்கெட்டும் வரும். ஹிட்சைக் கழற்றினால் பெட் தட்டையாகிவிடும், ஸ்ப்ரெடர் வைக்க இடைஞ்சலில்லை. வெளியே செய்தால் சட்டகத்தில் கிளாம்பு, பெட்டில் துளை. ஃபோர்டு பெட் 2017-லிருந்து அலுமினியம், துளை போட்டு ஸ்டீல் போல்ட்டை நேரடியாக மாட்டினால் உப்பு நீரில் அந்த இடம் அரிக்கும். அதே காரணத்தால் காந்தத்தில் ஒட்டும் நிறுவனப் பலகையும் எச்சரிக்கை விளக்கும் இந்த வண்டியில் நிற்காது. விளக்குக்கு நிரந்தரமாகப் பூட்டும் வகையையே வாங்குங்கள்.

8 அடி பெட் எடுப்பதால் ஸ்லைடர் ஹிட்ச் (பின்னுக்கு நகரும் வகை) தேவையில்லை. 6¾ அடியில் கூர்மையாகத் திரும்பும்போது கேம்பரின் முன்மூலை கேபின் கண்ணாடியை நெருங்கும். நான்கு கதவு வண்டியில் எரிபொருள் தொட்டியும் 34 காலனிலிருந்து 48 ஆகிறது. பெட்ரோல் வண்டியில் டிரெய்லர் இழுப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. எஃப்எக்ஸ்4, டிரெமர் என்ற ஆஃப்-ரோடு பேக்கேஜ்கள் பக்கம் போகாதீர்கள். குறிப்பாக டிரெமரின் 35 அங்குல டயர் பெட்டை உயர்த்திவிடும். பெட் சுவருக்கும் கேம்பரின் அடிப்பகுதிக்கும் 6 அங்குல இடைவெளி வேண்டும், உயர்ந்த பெட்டில் அது கிடைக்கக் கேம்பரை மூக்கு தூக்கி இழுக்க வேண்டியிருக்கும். அப்போது எடை கேம்பரின் பின் ஆக்சிலுக்கு ஏறும்.

எக்ஸ்எல்லா எக்ஸ்எல்டியா? தொழிலுக்கு மட்டும் என்றால் எக்ஸ்எல், வினைல் தரை, தண்ணீர் ஊற்றித் துடைக்கலாம். கோடையில் குடும்பம் ஏறுகிறது என்பதால் எக்ஸ்எல்டி சரி, ஆழமான ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுங்கள். அதற்கு மேல் லேரியட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இந்தப் பட்டியலில் உள்ள எல்லா ஆப்ஷனையும் வாங்கிவிடலாம். ராமில் இதற்கு இணை 3500 பிக் ஹார்ன், ஷெவியில் 3500எச்டி எல்டி. ஷெவியில் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பாரோடு தனித்தனியாக இயங்கும் வகை, ஃபோர்டு, ராம் 4x4-இல் திடமான ஆக்சில்.

சொகுசு என்று ஒதுக்கக் கூடாதவை மூன்று: சூடாகும் கண்ணாடியோடு டோ மிரர், ஒருங்கிணைந்த டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், பின்பக்கக் கேமரா. கன்ட்ரோலரைப் பிறகு மாட்டலாம், ஆனால் ஃபேக்டரியில் வருவது வண்டியின் ஏபிஎஸ்ஸோடு பேசும்.

ஃபேக்டரியில் வேண்டாதவை: ரன்னிங் போர்டு (நிலையான படியை வெளியே மாட்டுங்கள், மோட்டார் படி உப்பில் சிக்கிக்கொள்ளும்), பெட் கவர், கருவிப்பெட்டி. பெட் லைனர் ஸ்ப்ரே வகையாக இருக்கட்டும். மேலே போடும் பிளாஸ்டிக் லைனருக்கு அடியில் உப்புநீர் தேங்கும், ஹிட்சும் அதன் மேல் சரியாக உட்காராது.

டீலர் ஆர்டரை அனுப்பியதும் உறுதிப்படுத்திய ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் பாருங்கள். அடிக்கடி நழுவுபவை நான்கு: 7.3 எஞ்சினுக்குப் பதில் 6.8, 4.30-க்குப் பதில் 3.73, லாக்கர் விடுபடுவது, 18-க்குப் பதில் 17 அங்குலச் சக்கரம். தயாரிப்பு தேதி உறுதியானபின் திருத்த முடியாது. வண்டி வந்தால் கையெழுத்துக்கு முன் கதவு லேபிளில் மொத்த வரம்பையும் முன், பின் ஆக்சில் வரம்புகளையும் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு தொட்டியை நிரப்பி, நீங்கள் மட்டும் உட்கார்ந்து, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்திலுள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் ஒரு முறை எடை போட்டு அந்தச் சீட்டைக் கையுறைப் பெட்டியில் வையுங்கள். பிளவ் மாட்டியபின் ஒரு முறை, கேம்பர் மாட்டியபின் ஒரு முறை. மூன்று சீட்டிலும் ஒவ்வொரு ஆக்சிலின் எண்ணும் தனித்தனியாக வரும்.